கடலின் செய்தி மலைக்கு எட்டவேண்டும்!

கண்டிக்குக் கடல் இல்லை. கிழக்கே சென்றாலும் மேற்கே சென்றாலும் மலையிறங்கி நெடுந்தூரம் கடந்தே அலையைக் காண முடியும். ஆதலால், வங்கக் கடலில் தாழமுக்கம் தோன்றியிருக்கிறது என்று வானொலி கூறும்போது, அது மீனவருக்குரிய செய்தி என்றே மலைநாட்டு மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயலும் அவ்வெண்ணத்தையே வலுப்படுத்தின. புயல் என்றால் கரையோரத்தின் துன்பம். மலை நமக்கு அரண் என்றிருந்தோம்.

2025 நவம்பர் இறுதியில் அந்த நம்பிக்கை மண்ணுள் புதைந்தது. டித்வாப் புயல் 28ஆம் தேதி நாட்டைத் தாக்கியது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது கடலோர மாவட்டம் எதுவுமன்று. கடலே காணாத கண்டி மாவட்டம்! மகாவலி பெருகிக் கம்பளை நகரை மூழ்கடித்தது. மலைச்சரிவுகள் வீடுகளையும் அவற்றில் உறங்கியோரையும் சேர்த்தே கொண்டுசென்றன. சரிந்த மண் எவரிடமும் மொழி கேட்கவில்லை, மதம் கேட்கவில்லை. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் ஒருங்கே மாண்டனர்.

இதன் காரணம் விளங்காத புதிரன்று. வெப்பம் மிகுந்த கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு எழும் காற்று நக்கிள்ஸ் மலைத்தொடரிலும் ஹந்தானை மலையிலும் மோதி மேலெழுகிறது, குளிர்கிறது, கொட்டித் தீர்க்கிறது. கரையைக் கடந்தபின் புயலின் வேகம் தணியலாம். அதன் நீரோ மலையில்தான் இறங்குகிறது. ஆகவே கடல் நிலவரம் மீனவனுக்கு எத்துணை அவசியமோ, அத்துணை அவசியம் தெல்தோட்டையிலும் கலகாவிலும் புசல்லாவையிலும் லயத்தில் வாழும் தொழிலாளிக்கும்.

"இயற்கைக்கு யார் பொறுப்பு?"

இயற்கையின் சீற்றத்துக்கு அரசாங்கம் என்ன செய்யும் என்று சிலர் கேட்கின்றனர். காற்றை நிறுத்துமாறு எவரும் அரசாங்கத்தைக் கோரவில்லை. அறிந்ததை அறிவிக்குமாறே கோருகிறோம்.

வட இந்து சமுத்திரத்தில் உருவாகும் புயல்களைப் புதுடில்லியிலுள்ள பிராந்திய நிலையம் இடையறாது கவனித்து அறிக்கை விடுக்கிறது. பெயர் சூட்டுவதற்குப் பதின்மூன்று நாடுகளின் குழு உண்டு. இலங்கையும் அதில் அங்கம் வகிக்கிறது. டித்வா என்ற பெயரை ஏமன் நாடு வழங்கியது. அது சொக்கோத்திராத் தீவிலுள்ள ஒரு களப்பின் பெயர். பெயர் சூட்டி, பாதை வரைந்து, பன்னாடுகளும் பார்த்திருக்கக் கரையேறிய ஒன்றைத் திடீர் விபத்து என்று வாதிட எந்த வழக்கறிஞராலும் இயலாது.

எந்தச் சரிவு எந்த மணிக்கு வீழும் என்று கூற வல்லவர் எவருமில்லை என்பது உண்மையே. ஆயின் அதற்கும் அளவுகோல் வகுக்கப்பட்டுள்ளது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் முறைப்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் அவதானம். 100 ஆனால் எச்சரிக்கை. 150 ஆனால் வெளியேற்றம். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறங்களும் உண்டு. அறிவு இருந்தது, அளவு இருந்தது. அவை மலையேறிச் சென்றனவா என்பதே வினா.

சட்டம் சொல்வது என்ன?

அந்த நாட்களில் தமிழில் அறிவித்தல்கள் பிந்தின, சில வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு பகிரங்கமாக எழுந்தது. இதை மொழி வெறி என்று தள்ளிவிட எண்ணுவோர் அரசியல் யாப்பைப் புரட்டிப் பார்க்கட்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும், அரசாங்க அலுவலரிடமிருந்து தமிழில் தொடர்பாடலைப் பெறும் உரித்து குடிமகனுக்கு உண்டு. காணிக் கடிதத்துக்கும் வரி அறிவித்தலுக்கும் உள்ள உரித்து, உயிர் காக்கும் எச்சரிக்கைக்கு இல்லையா?

மற்றொன்றையும் நினைவூட்டுகிறோம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய முன்னறிவித்தல் கிடைத்தும் செயற்படாது விட்டமைக்காக, உயர் நீதிமன்றம் 2023 ஜனவரி 12 அன்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. குண்டும் மழையும் ஒன்றல்ல. அங்கே குற்றம் புரிந்தவர் மனிதர். ஆயினும் தத்துவம் ஒன்றே: ஆபத்தை முன்னறிந்த அதிகாரம், அறிந்ததைத் தன் மேசைக்குள் பூட்டிவைக்க உரிமையற்றது.

போக இடம் எங்கே?

எச்சரிக்கை எட்டிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கொஸ்லந்தை மீரியபெத்தையை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆபத்துண்டு என்று 2005இலும் 2011இலும் அறிவிக்கப்பட்டிருந்தது. 2014 அக்டோபர் 29 அன்று மலை இறங்கி லயங்களை மூடியது. "வெளியேறு" என்று சொல்வது எளிது. சொந்த நிலம் ஒரு முழமும் இல்லாதவன் எங்கே வெளியேறுவான்? 1948இல் பறிக்கப்பட்ட பிரஜாவுரிமை பல பத்தாண்டுப் போராட்டத்தின்பின் மீண்டது. நிலவுரிமையோ பெரும்பாலோருக்கு இன்னும் கைக்கெட்டவில்லை. போக இடம் காட்டாத எச்சரிக்கை, எச்சரித்தவரின் பொறுப்பைக் கழிக்கும் காகிதமேயன்றி, எச்சரிக்கப்பட்டவனின் உயிரைக் காக்கும் கருவியன்று.

செய்ய இயலுமா என்று ஐயுறுவோர் ஒரிசாவைப் பார்க்கட்டும். 1999 அக்டோபர்ப் புயலில் அங்கு ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது, ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் முன்கூட்டியே புகலிடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்டோர் சில பத்துப் பேரே. கடல் மாறவில்லை; ஆட்சியின் ஒழுங்கு மாறியது.

நாம் கோருவன நான்கு. ஒன்று: எச்சரிக்கை ஒவ்வொன்றும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வெளியாக வேண்டும், மொழிபெயர்ப்புக்கு அலுவலர் இல்லை என்பது விடையாகாது. இரண்டு: ஒவ்வொரு தோட்டத்திலும் மழைமானி ஒன்று வேண்டும், அதைப் படிக்கப் பயிற்சி பெற்ற தொழிலாளர் இருவர் வேண்டும். மூன்று: கிராம உத்தியோகத்தரும் தோட்ட நிருவாகமும் கூடிப் புகலிடத்தை முன்னரே குறித்து, அதற்குரிய வழியை மக்களுக்குக் காட்ட வேண்டும். நான்கு: சரிவு அபாயமென அடையாளமிடப்பட்ட லயங்களில் வாழ்வோருக்கு, உறுதியுடன் கூடிய பாதுகாப்பான காணி வேண்டும்.

இவை பெருஞ்செலவுக் கனவுகள் அல்ல என்போம். கொழுந்து பறிக்க ஆளை எழுப்ப வேண்டியிருந்தபோது, விடியுமுன்னே ஒவ்வொரு லயத்துக்கும் ஓசை எட்டியது; தப்பு முழங்கியது, சங்கு ஊதியது. பிரட்டுக்களத்துக்கு அழைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே வழி கண்டவர்கள், உயிர் பிழைக்க அழைக்க வழி தெரியவில்லை என்று கூறுவார்களானால், அதனை எந்த நியாயசபையும் ஏற்காது, மக்களும் ஏற்கலாகாது.

அடுத்த மாரி வரும். கடல் மீண்டும் சுழலும். அன்றும் செய்தி கடற்கரையோடு நின்றுவிடுமா, மலையேறி வருமா என்பதைக் கடல் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். அவர்கள் வாசலில் இன்றே கேட்போம். மழை தொடங்கிய பின்னர் அல்ல.