கண்ணால பாத்துட்டேன் சார்!

பேங்க்ல இருபது வருஷத்துக்கு மேல குப்பை கொட்டியாச்சு. நான் அதிகம் கேட்ட பொய் எது தெரியுமா? "அடுத்த வாரம் கட்டிடறேன் சார்" இல்லீங்க. "ஒவ்வொண்ணா கண்ணால பாத்துட்டேன் சார்" தான்.

நானும் சொல்லியிருக்கேன். புனேல ஒரு கிளையில இருந்தப்போ, ஒரு கம்பெனியோட சம்பளப் பட்டியல், 214 பேர். திருத்தின பட்டியல் மெயில்ல வரி வரியா வந்தது. புதுசா சேர்ந்த கிளார்க் பையன், ஏற்கனவே சேவ் பண்ணி வெச்சிருந்த ஃபைலைக் கையால திருத்தினான். அவன் மேக்கர், நான் செக்கர். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டிப் பாத்து ஓகே அடிச்சேன். ஒரே ஒரு வரியில 69-க்கு பதிலா 96. ஒடிசாலேர்ந்து வந்த வாட்ச்மேன் ஒருத்தரோட சம்பளம் யாரோ ஒருத்தர் கணக்குல விழுந்துடுச்சு. திரும்பி வர 11 நாள். மெமோ எனக்கு வரலை, அந்தப் பையனுக்கு!

நெஃப்ட்ல கணக்கு எண்ணை வெச்சுத்தான் வரவு வைப்பாங்க, பேரைப் பாத்து இல்லை. (2025 ஏப்ரல்லேர்ந்து அனுப்பறதுக்கு முன்னாடி பேரைக் காட்டற வசதி வந்திருக்கு. ஊர்ல இருக்கற அம்மாவுக்கு அனுப்பும்போது நல்லதுதான். 214 பேரை யாரு உக்காந்து படிக்கறது? மறுபடி கண்ணுதானே!)

ஏங்க, இந்த வேலைக்கு யூனிக்ஸ்ல டிஃப்னு ஒண்ணு 1974-லேயே வந்தாச்சு. விண்டோஸ்ல எஃப்சி, டாஸ் காலத்துலேர்ந்து இருக்கு. மெயில்ல இருக்கற பட்டியலைக் காப்பி பண்ணிட்டு பவர்ஷெல்லைத் திறந்து, கெட்-கிளிப்போர்டை செட்-கன்டென்ட்டுக்கு பைப் போட்டு மெயில்.டிஎக்ஸ்டின்னு ஒரு ஃபைலாக்குங்க. அப்புறம் எஃப்சி.எக்ஸ்இ, ரெண்டு ஃபைலோட பேர், என்டர். அவ்ளோதான். மாறின இடத்தை மட்டும் காட்டும். (பவர்ஷெல்ல வெறும் எஃப்சின்னு அடிச்சா அது வேற ஆள், நான் அரை மணி நேரம் முழிச்சேன்!) வெறும் ஸ்பேஸ் வித்தியாசம் தொல்லை பண்ணினா /டபிள்யூ சேருங்க. மேக் வெச்சிருக்கறவங்களுக்கு இன்னும் சுலபம்: பிபிபேஸ்ட்டை டிஃப்புக்கு பைப் பண்ணி, ஒரு சின்னக் கோடு, ஃபைல் பேர். ஒரே வரி.

"அதெல்லாம் பொட்டி தட்டறவங்க வேலை சார், நாம காமர்ஸ்" அப்படீங்கறாங்க. நானும் பி.காம் தான். டேலியும் எக்செல்லும் கத்துக்கிட்டோமே, இது ரெண்டு வரி!

இதை விடக் கோபம் வர்றது இன்னொரு கூட்டத்து மேல. கண்ணை நம்பாத புத்திசாலிங்க. என்ன பண்றாங்க? கூகுள்ல தேடி, ஃப்ரீயா ஒப்பிட்டுத் தர்ற ஏதோ ஒரு வெப்சைட்ல ரெண்டு பட்டியலையும் அப்படியே ஒட்டறாங்க. பேர், கணக்கு எண், சம்பளம் எல்லாம்! அந்த சர்வர் எந்த நாட்டுல இருக்கு, ஒட்டினதை சேவ் பண்ணுதா, யாருக்குத் தெரியும்? கஸ்டமர் பாஸ்புக்கை டீக்கடையில வெச்சுட்டு வருவோமா? கேட்டா, "புது சாஃப்ட்வேர் போட ஐடி டிபார்ட்மென்ட் விடமாட்டாங்க சார்". யோவ், எதுவுமே போட வேணாம்யா, அந்த மெஷின்லயே இருக்கு!

அந்தப் பையன் இப்ப வேற கிளையில ஆபீசர். மெமோ இன்னும் அவன் சர்வீஸ் ஃபைல்ல இருக்கு.