ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கலாமா?

கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மரவள்ளிக் காட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவுக்குக் காலில் முள் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போகிறார். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல். ஐந்தாம் நாள் மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் சரியாகப் போகவில்லை.

இனி இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட முடியாது. இது 'செப்சிஸ்' ஆக இருக்கலாம். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், தன் உறுப்புகளையே பாழாக்கும் நிலை அது. சலைன் ஏற்றியும் ரத்த அழுத்தம் தாழ்ந்தே கிடந்தால் 'செப்டிக் ஷாக்'. 2017-ல் மட்டும் உலகில் சுமார் 1.1 கோடி மரணங்கள் செப்சிஸோடு தொடர்புடையவை என்கிறது ஒரு கணக்கு.

மலையிறங்கி கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தால், ரத்தத்தில் சில புரதங்களைப் பார்ப்பார்கள். ஒன்று சி.ஆர்.பி. கல்லீரல் சுரப்பது. மூட்டுவாதம் போன்ற வேறு அழற்சியிலும் இது ஏறும். இன்னொன்று 'புரோகால்சிடோனின்'. செப்சிஸில் இது எகிறுவதை 1993-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சொன்னார்கள். நலமாக இருப்பவரிடம் ஒரு மில்லி ரத்தநீரில் 0.1 நானோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். பாக்டீரியா ரத்தத்தில் பரவினால் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். 2-ஐத் தாண்டினால் டாக்டர்கள் உஷாராவார்கள். சிகிச்சை பலித்தால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாகக் குறையும். ஆன்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்தலாம் என்று முடிவெடுக்க இது நன்றாக உதவும்.

ஆனால், தொடங்குவதற்கு இதை நம்பிக் காத்திருக்கக் கூடாது. ஆரம்பத்தில் அளவு குறைவாகவும் இருக்கலாம். தீக்காயம், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி இல்லாமலும் ஏறலாம். எந்தக் கிருமி என்றும் சொல்லாது. புதர்க்காடுகளில் தொற்றும் உண்ணிக்காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் இருக்கும் கறுப்புப் பொருக்குதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அதற்கான மருந்தும் வேறு.

அதனால்தான் செப்டிக் ஷாக் என்று சந்தேகம் வந்தாலே, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போடச் சொல்கிறது 2021-ன் சர்வதேச வழிகாட்டி. ரிப்போர்ட் பின்னால் வரட்டும்.

மலையிலிருந்து இறங்கவே நேரமாகும். காய்ச்சலோடு மூச்சுவாங்கல், குழப்பம், சிறுநீர் குறைவு, கை கால் சில்லிடுதல் இவற்றில் எது சேர்ந்தாலும், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.