இணைப்புப் பட்டியல் துணையாகுமா?

கணினி அறிவியல் பட்டயப் படிப்பில் சேர்ந்த நம் பிள்ளைகள் முதற்பருவத்திலேயே திணறுகின்றனர். படிப்பில் துணை எங்கே என்று கேட்டால் கல்லூரி ஒரு தாளை நீட்டுகிறது. காணொலித் தளங்கள், மின்னூல்கள், இலவசப் பயிற்சிகள் என முகவரிகள் வரிசையாக நிற்கின்றன. "எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்கிறார்கள். நம் பெற்றோரும் தலையாட்டிவிட்டு வருகின்றனர். இந்தத் தலையாட்டலைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

வகுப்பில் நடப்பதைப் பாருங்கள். இரண்டு எண்களைப் பெற்றுக் கூட்டும் நிரலைப் பைதான் மொழியில் மாணவன் எழுதுகிறான். 12, 30 என்று உள்ளிடுகிறான். 42 வரவேண்டிய இடத்தில் 1230 வருகிறது. பிழைச்செய்தி ஏதும் இல்லை. கணினியைப் பொறுத்தவரை எல்லாம் சரியே. விசைப்பலகை வழியாக வருவதைப் பைதான் எண்ணாகக் கொள்ளாது, எழுத்துகளாகவே கொள்ளும். ஆதலால் இரண்டையும் ஒட்டிவைத்தது. அருகில் ஒருவர் அமர்ந்து, "உன் கையில் இருப்பது எண்ணா, எழுத்தா?" என்று கேட்டால் இரண்டே நிமிடத்தில் தெளியும். எவரும் இல்லையெனில் ஓர் இரவு போகும். தேடுபொறியில் தேடலாமே என்பீர்கள். எதைத் தேடுவது? தன் குழப்பத்துக்குப் பெயர் தெரிந்தவனுக்கன்றோ தேடுபொறி உதவும்!

இலவசப் பாடங்களைப் போற்றுவோர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 பாடத்தை அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அருமையான பாடம்தான், 2012 முதல் இணையத்தில் எவரும் இலவசமாகப் பயிலலாம். ஆனால் அங்கே நேரில் பயிலும் மாணவனுக்குக் காணொலியோடு கதை முடிவதில்லை. சிறு குழு வகுப்புகள் உண்டு, ஐயம் தீர்க்கும் வேளைகள் உண்டு, அதே பாடத்தை முன்னர்ப் படித்த மாணவர்களே துணை ஆசிரியர்களாக அமர்கின்றனர். 2023இல் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் ஒன்றையும் சேர்த்தார்கள். விடையைத் தூக்கிக் கொடுக்காமல் மாணவனையே சிந்திக்க வைக்குமாறு அதை வடிவமைத்தார்கள். அதற்காக மனிதர்களை அனுப்பிவிடவில்லை. நம் கல்லூரிகள் சில காணொலியை மட்டும் எடுத்துக்கொண்டு மனிதரை விட்டுவிட்டன. செலவில்லாத பகுதி அதுதானே!

நம் பிள்ளைக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்ப்பள்ளி அறிவியலில் 'மாறி' என்று படித்தது இடைநிலைப்பள்ளியில் 'பெம்போலே ஊபா' ஆகிறது. கல்லூரியில் 'வேரியபிள்' என்று வந்து நிற்கிறது. கருத்து அவனுக்குத் தெரியும், பெயர்தான் இரண்டாவது முறையாக மாறியிருக்கிறது. அதை ஒரு சொல்லில் இணைத்துக் காட்டக்கூடியவர் அதே வழியில் வந்த மூத்த மாணவர்தாம். எந்த இணைப்புப் பட்டியலும் இதைச் செய்யாது.

"உயர்கல்வி தொடக்கப்பள்ளி அன்று, வாயில் ஊட்டிவிட முடியாது" என்று விரிவுரையாளர் சிலர் சொல்வதுண்டு. ஊட்டிவிடவா கேட்கிறோம்? உலை வைக்கவே தெரியாதவனிடம் சமையற்குறிப்பைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள் என்கிறோம். கல்விக் கடன் வாங்கிச் சேர்ந்தவன் இரண்டாம் பருவத்தில் படிப்பைக் கைவிட்டாலும், அதுவரை பெற்ற கடன் அவன் பெயரில்தான் நிற்கும்.

கல்லூரியை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பிக்கவும் இயலாது. விரிவுரையாளர் கதவில் ஐயம் தீர்க்கும் நேரம் ஒட்டியிருந்தும் நம் பிள்ளை தட்டுவதில்லையே, ஏன்? கேள்வி கேட்பவன் அடங்காதவன், கேட்காதவன் நல்ல பிள்ளை என்னும் பாடத்தை வீட்டிலும் வகுப்பிலும் பதினோர் ஆண்டுகள் புகட்டி அனுப்புகிறோம். பதினெட்டு வயதில் அது ஒரே நாளில் கழன்று விழுமா? எட்டு வயதில் "புரியவில்லை, ஐயா" என்று சொன்ன பிள்ளையை வகுப்பு எள்ளி நகையாட விடும் ஆசிரியர், பத்தாண்டு கழித்து ஒரு கல்லூரிக் கதவையும் சேர்த்தே அடைக்கிறார்.

பெற்றோரே, எஸ்.பி.எம். முடிவு வந்ததும் கல்விக் கண்காட்சிகளில் மேசை மேசையாக நிற்பீர்கள். கட்டணம், தங்கும் விடுதி, இலவச மடிக்கணினி பற்றியெல்லாம் கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, மாலை ஆறு மணிக்குமேல் கணினிக்கூடத்தில் உதவிக்கு யார் இருப்பார், அவர் ஒருவருக்கு எத்தனை மாணவர், மூத்த மாணவர்களுக்கு ஊதியம் கொடுத்து அமர்த்துகிறீர்களா என்றும் கேளுங்கள். வண்ணக் கையேட்டை மட்டும் புரட்டிக் காட்டினால், நன்றி கூறிவிட்டு அடுத்த மேசைக்கு நகருங்கள்.