இரவை அழித்துவிட்டு எடுக்கும் ஆவணம்

களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளர்களிடையே ஒரு நம்பிக்கை கேள்விக்கு உட்படாமலே நிலைத்திருக்கிறது. இருட்டில் ஒருவருடைய முகத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் ஃபிளாஷ் போட்டே ஆக வேண்டும், ஆவணம் என்றால் தெளிவு வேண்டும் என்பதே அது. இதன் விளைவைக் கருத்தரங்கத் திரைகளில் காணலாம். வட கேரளத்துக் காவில் விடிய விடிய ஆடி, பின் அமர்ந்து அருள்வாக்குச் சொல்லும் தெய்யமானாலும், வீட்டுத் திண்ணையில் சிம்னி விளக்கின் முன் கதை சொல்லும் மூதாட்டியானாலும் திரையில் தெரிவது ஒரே முகம்தான்: வெளுத்த நெற்றி, கூசிச் சுருங்கிய கண், முதுகுக்குப் பின்னே ஒரு கருஞ்சுவர்.

அந்தக் கருஞ்சுவர் களத்தில் இருந்ததில்லை. அதை எழுப்பியது ஃபிளாஷ். ஒளி தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், மூன்றடியில் இருப்பவர்மேல் விழுவதில் பதினாறில் ஒரு பங்கே பன்னிரண்டடிக்கு அப்பால் நிற்பவரைச் சென்றடையும். முகத்துக்கு அளவாக ஒளி அமைந்தால் பின்னால் நிற்கும் உறவினர், ஓலைச் சூட்டின் தழல், விளக்கு வைத்த படி எல்லாம் மறைந்துபோகும். சூழலை விட்டுப் பிரித்த தரவு தரவே அன்று என்று வகுப்பில் கற்பிப்பவர்கள்தாம் இந்தப் படத்தைச் சான்றாக முன்வைக்கிறார்கள். வட்டாரப் பேச்சை எழுதிவரும் மாணவர் ‘வந்துச்சு’ என்பதை ‘வந்தது’ என்று திருத்தி எழுதினால் இதே நெறியாளர் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புவார். விளக்கொளியில் செம்மஞ்சளாக இருந்த முகத்தைப் பகல்வெள்ளையாகத் திருத்திக் கொண்டுவந்தால் மட்டும் ‘நல்ல தெளிவு’ என்கிறார்.

இப்பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1880களின் இறுதியில் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்புகளுக்குள் இரவில் மக்னீசியப் பொடியுடன் நுழைந்தவர் ஜேக்கப் ரீஸ். அப்படங்களின் துணையோடு 1890இல் அவர் வெளியிட்ட நூல் சீர்திருத்தத்துக்கு உதவியது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பார்வையற்ற இரவலர் சிலரைப் படமெடுக்கப் போய் அவர்கள் குடியிருந்த வீட்டிலேயே தீப்பிடிக்க வைத்ததையும் அவரே எழுதிவைத்திருக்கிறார். அன்று அவருக்கு வேறு வழி இல்லை. இன்று கருவியைக் காரணம் காட்ட முடியாது.

கையில் பிடித்தபடியே, முக்காலி இல்லாமல், விளக்கொளியில் முகத்தை எடுப்பது இன்று அரிய வித்தை அன்று. எஃப் 1.8 துளையுள்ள விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ், கேமராவுடன் வரும் எஃப் 3.5 லென்ஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/50 வினாடி. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, தூணில் சாய்ந்து, மூச்சை வெளிவிட்டபின் அடுத்தடுத்து நான்கைந்து படங்கள். ஒன்றாவது நிற்கும். விளக்கிலிருந்து நான்கடி தள்ளி இருப்பவரை இரண்டடிக்கு நெருங்கி அமரச் சொன்னால் ஒளி நான்கு மடங்காகும். அதற்குச் செலவு ஒரு வார்த்தை. கேமராவின் ஒளிமானி எதையும் நடுச்சாம்பலாக்கவே முயலும் என்பதால் வெளிப்பாட்டை ஒரு படி குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரிய முகம் சாம்பல் பூத்துவிடும், இரவு அந்தியாகிவிடும். கரிய தோலைத் ‘தெரிய வைக்க’ வெளுப்பாக்குவது தொழில்நுட்பத் தேவை என்று நம்புகிறவர்கள் பல்கலைக்கழகங்களிலும் குறைவில்லை.

புள்ளி புள்ளியாக வருமே, ஆடையின் நுணுக்கம் தெரியாதே என்பார்கள். நுணுக்கம் வேண்டுமென்றால் அணிகளைப் பகலில் அனுமதி பெற்றுத் தனியே எடுக்கலாம். இரவில் எடுத்த முகத்திடம் அதைக் கேட்பது முறையன்று.

செல்பேசியின் ‘நைட் மோட்’ இதற்கு மாற்றாகாது. அது ஃபிளாஷைவிட நயமாகப் பொய் சொல்லும். பல படங்களை அடுக்கி, சராசரி கண்டு, நிழலைத் தூக்கி, சுருக்கங்களை மழித்து அது தருவது எந்தக் கணத்திலும் இருந்திராத ஒரு முகம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது எதிரில் அமர்ந்திருப்பவர். ஃபிளாஷ் அவரிடம் எதையும் கேட்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வெட்டி எடுத்துக்கொள்ளும். விளக்கொளியில் ஷட்டர் 1/15 வரை இறங்கினால் அவர் ஒரு நொடி அசையாதிருக்க இசைய வேண்டும். இசைவில்லையேல் படம் கலங்கும். கள்ளத்தனமாக எடுக்க நினைப்பவருக்கு உயர் ஐஎஸ்ஓவும் துணைபோகும் என்பது உண்மைதான். கருவி யாரையும் யோக்கியராக்காது. ஆயினும் குரலைப் பதிவு செய்யப் படிவத்தில் கையொப்பம் பெறுகிற ஆய்வாளர், அதே மனிதரின் கண்ணுக்குள் அனுமதியின்றி ஒளி பாய்ச்சுவதை எந்த நெறியின் பெயரால் செய்கிறார்?

ஒலிக்கோப்பைச் சுருக்காத வேவ் வடிவில் கேட்கிறோம், மாதிரி வீதத்தை எழுதச் சொல்கிறோம், இரைச்சல் நீக்கினால் கடிகிறோம் என்று பெருமை பேசும் துறைகள் ஆய்வேட்டின் இரவுப் படங்களின் கீழும் நான்கு செய்திகளைக் கேட்கட்டும்: ஒளி எங்கிருந்து வந்தது, ஃபிளாஷ் போடப்பட்டதா, செல்பேசி படத்தைத் திருத்தியதா, படத்தில் இருப்பவர் அதைப் பார்த்தாரா.