இயர் பேடும் நாள்பட்டால் கெடும் சரக்குதான்

பலசரக்குக் கடை என்றால் அரிசி, பருப்பு, புளி, மிளகாய் என்றிருந்த நிலை மாறி வெகு காலமாகிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்கிய கம்பியிலேயே இன்று சார்ஜர் ஒயரும் இயர்போனும் ஹெட்போனும் தொங்குகின்றன. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பள்ளிப் பாடம் செல்போனுக்கு வந்தபோது, பெரிய கடைகள் அடைத்துக் கிடக்க, இந்தச் சரக்குக்கும் பக்கத்துக் கடையைத் தேடி வந்தவர்கள் உண்டு. அன்று பழகிய வியாபாரம் பல கடைகளில் அப்படியே நிலைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் துவரம் பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தே ரகம் சொல்லும் நம் வணிகர்களில் பலர், ஹெட்போனில் காதைத் தொடும் அந்த மெத்தையைப் பற்றி, "கறுப்பு இருக்கிறது, சிவப்பு இருக்கிறது" என்பதற்கு மேல் சொல்வதில்லை. இயர் பேட் என்று கேட்டு வருபவரிடம், கைக்கு அகப்பட்ட ஒரு ஜோடியைக் கொடுத்து, "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். இது சரியல்ல என்பது நமது கருத்து.

காது வலிக்காமல் இருக்க வைத்த தலையணைதான் இயர் பேட் என்று பொதுவாக நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள நம் கடையிலேயே விற்கும் குக்கர் காஸ்கெட்டை நினைத்துக்கொண்டால் போதும். காஸ்கெட் தளர்ந்தால் குக்கர் கெட்டுவிடவில்லை. ஆவி நிற்பதில்லை, அவ்வளவுதான். மூடிய வகை ஹெட்போனிலும் அதே கதை. ஒலிபெருக்கியின் சிறு தகடு முன்னும் பின்னும் அசைந்து, காதுக்கும் பேடுக்கும் நடுவே அடைபட்ட காற்றை அழுத்தித் தளர்த்துகிறது. மேளம், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், ஆண் குரலின் அடிக்கட்டை ஆகிய கீழ் ஒலிகளெல்லாம் இந்த அழுத்தத்தை நம்பித்தான் நிற்கின்றன. பேட் கிழிந்தோ, அமுங்கியோ, அளவு தவறியோ ஓரத்தில் ஒரு சிறு இடைவெளி விட்டால் அந்த அழுத்தம் வெளியே போய்விடும். கூவல் கேட்கும், கனம் கேட்காது. கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் காம்பே இடைவெளி உண்டாக்கும்; அவர்களுக்குக் கெட்டியான பேடைவிட, காம்பைச் சுற்றி அமுங்கிக்கொடுக்கும் மென்மையான ஸ்பாஞ்ச் வைத்த பேட் ஏற்றது.

காதுக்குள் செருகும் இயர்போனுக்கும் இது பொருந்தும். "பாஸ் வரவில்லை, வேறு கொடு" என்று திரும்பி வருகிற இயர்போன்களில் ஒரு பகுதி பழுதானவையே அல்ல. அட்டைக்குள் கூடவே வரும் சிறியது, பெரியது என்ற சிலிக்கான் ரப்பர்களை வாங்கியவர் பார்த்திருக்கவே மாட்டார். காதுத் துளைக்குச் சரியான ரப்பரை மாட்டச் சொன்னால் அங்கேயே தீரும். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் நல்ல சரக்கு "ரிட்டர்ன்" ஆகி மொத்தக் கடைக்கும் சில்லறைக் கடைக்கும் மனத்தாங்கல் வருகிறது.

இனி ரகத்துக்கு வருவோம். சந்தையில் அதிகம் புழங்குவது ரெக்சின் போன்ற செயற்கைத் தோல் போர்த்தியது. காற்றை நன்றாக அடைக்கும், கனமான ஒலி கிடைக்கும், வெளிச்சத்தமும் குறையும். ஆனால் நம் ஊர் வெயிலில் அரைமணி நேரத்தில் காதோரம் வியர்த்து ஊற்றும். வெல்வெட் போன்ற துணி போர்த்தியது வியர்வைக்கு இதம். நெடுநேரம் மாட்டி வேலை செய்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் துணியின் வழியே காற்று ஓரளவு கசியும் என்பதால், ரெக்சினுக்கென்று அமைத்த செட்டில் இதைப் போட்டால் கனம் குறையும். மூன்றாவது, வெறும் ஸ்பாஞ்ச். இதை மட்டம் என்று ஒதுக்கக் கூடாது. 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் கொண்டுவந்த எச்.டி.414 என்ற திறந்த வகை ஹெட்போன் மஞ்சள் ஸ்பாஞ்ச் பேடோடு வந்து, ஒரு கோடிக்கு மேல் விற்றது. 1979-இல் சோனி வாக்மேனோடு வந்ததும் ஸ்பாஞ்ச்தான். அந்த செட்டுகள் ஸ்பாஞ்சுக்கென்றே அமைக்கப்பட்டவை. அதனால் நன்றாக ஒலித்தன. அத்தகைய செட்டுக்கு, "நீடித்து உழைக்கும்" என்று சொல்லி ரெக்சின் பேட் மாட்டிக் கொடுப்பது உதவியாகாது, ஒலி வேறாகிவிடும்.

தடிமனும் கணக்கில் வரும். தடித்த பேட் காதையும் ஒலித்தகட்டையும் விலக்கி வைக்கிறது. காது மடல் உள்ளே இடிக்காது, சுகம். ஆனால் நடுவே உள்ள காற்றறை பெரிதாகி, மேல் ஒலிகளின் அளவும் இடமும் மாறும். சோனியின் எம்.டி.ஆர். 7506 என்ற செட் 1991 முதல் ஒலிப்பதிவுக் கூடங்களில் புழங்குகிறது. அதன் மெல்லிய பேட் உரிந்ததும் தடித்த மெத்தை வாங்கி மாட்டுபவர்கள் ஏராளம். காதுக்கு இதமாக இருக்கிறது, ஒலி மட்டும் பழையபடி இல்லை என்கிறார்கள். வெளிச்சத்தத்தை மின்சுற்றால் அடக்கும் விலை உயர்ந்த ரகங்களில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றின் உள்ளே இருக்கும் மைக், பேடின் அடைப்பை நம்பித்தான் வேலை செய்கிறது. கண்ட பேடைப் போட்டால், அதிக விலை கொடுத்து வாங்கிய வசதியே மங்கிப் போகும்.

இவ்வளவும் வாங்குபவர் அறிய வேண்டியவை. கடைக்காரர் தமக்காக அறிய வேண்டியது வேறொன்று உண்டு. ரெக்சின் பேடின் மேற்பூச்சு பெரும்பாலும் பாலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. காற்றின் ஈரம் அதன் பிணைப்பை மெல்ல மெல்ல அறுக்கும். பெட்டியிலேயே வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் ஒரு நாள் எடுத்து மாட்டியதும் பொடிப்பொடியாக உதிர்வதைச் செருப்பு வியாபாரிகள் அறிவார்கள். அதே கோளாறுதான் இங்கும். தலை எண்ணெயும் வியர்வையும் பட்டால் விரைவில் உரியும். சானிட்டைசர் போட்டுத் துடைத்தால் மேல்தோல் வறண்டு வெடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆனால் யாரும் மாட்டாமலே, உறைக்குள் இருக்கும்போதே இது மூப்படைகிறது என்பதுதான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது. கடலோர ஊர்களில் சொல்லவே வேண்டாம். ஆகவே விலை மலிவு என்று இரண்டு வருடத்துக்கான சரக்கை மொத்தமாக எடுத்துப் பரணில் போடுவது, ரவையை மூட்டை மூட்டையாக வாங்கி வண்டுக்குக் கொடுப்பதைப் போன்றது. பழைய சரக்கை முன்னே வைத்து, புதியதைப் பின்னே வைக்கும் நம் வழக்கம் இதற்கும் வேண்டும்.

தயாரித்த மாதம், ஆண்டு தெரிந்தால்தானே அப்படி அடுக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி உறையின் மேல் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர் முகவரி, எந்த நாட்டில் ஆனது, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டில் இவை இல்லையென்றால் நாம் வாங்குவோமா? வெறும் பாலிதீன் உறையில், ஒரு எழுத்தும் இல்லாமல் வரும் இயர் பேடை மட்டும் ஏன் வாங்க வேண்டும்? ஆய்வுக்கு வருபவர் சில்லறைக் கடையில்தான் முதலில் நிற்பார். அதேபோல, பிரபல கம்பெனியின் பெயர் அச்சிட்ட போலியை "ஒரிஜினல்" என்று சொல்லி விற்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகவே பார்க்கும். "இது கம்பெனி பேட் அல்ல, அந்த அளவுக்குப் பொருந்தும் பேட்" என்று சொல்லி விற்பதால் வியாபாரம் கெட்டுவிடாது.

நம் நண்பர்கள் சிலர், "ஒரு ஜோடியில் கிடைக்கும் லாபத்துக்கு இவ்வளவு பாடமா? ஆயிரம் மாடலுக்கும் யார் சரக்கு வைப்பது?" என்கிறார்கள். ஆயிரமும் வேண்டாம். கடையைச் சுற்றி விற்பனையாகும் ஹெட்போன்களில் ஓடுகிற நாலைந்து அளவுகளைப் பார்த்து வைத்தால் போதும். வாடிக்கையாளர் பழைய பேடையோ செட்டையோ கொண்டு வரட்டும். வட்டமானால் குறுக்களவு, நீள்வட்டமானால் நீளம் அகலம், மில்லிமீட்டரில் ஒரு ஸ்கேல் வைத்து அளக்க ஒரு நிமிடம் ஆகாது. பேடின் பின்விளிம்பு பள்ளத்தில் இழுத்து மாட்டுவதா, வளையத்தோடு அழுத்திப் பொருத்துவதா, பசையில் ஒட்டுவதா என்பதையும் பார்க்க வேண்டும். ரகத்துக்கு ஒன்று மாதிரிக்குத் திறந்து வைத்து மற்றதை உறை பிரிக்காமல் கொடுக்கலாம். ஒருவர் காதில் பட்டதை இன்னொருவருக்குக் கொடுப்பது முறையல்ல. இணையத்தில் வாங்கினால் அளவு தவறி வந்ததைத் திருப்பி அனுப்பும் அலைச்சல் உண்டு. எதிரில் நின்று அளந்து, மாட்டிக் காட்டி அனுப்புவது நம்மால்தான் முடியும்.

லாபத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. பேட் கசிந்தாலும் வெளிச்சத்தம் உள்ளே வந்தாலும் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான், ஒலியைக் கூட்டுவது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அளவுகோலின்படி பெரியவர்களுக்கு 80 டெசிபெல், குழந்தைகளுக்கு 75 டெசிபெல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் எல்லை. ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகச் சுருங்கிவிடும். பேருந்து இரைச்சலில் ஸ்பாஞ்ச் பேட் போட்டுப் பாட்டுக் கேட்கும் மாணவன் எவ்வளவு கூட்டுவான் என்று சொல்ல வேண்டியதில்லை. நல்ல அடைப்புள்ள பேட் இருந்தால் குறைந்த ஒலியே போதுமாகிறது. பெற்றோரிடம் இதைச் சொல்லி விற்கலாம்.

மொத்த வியாபாரிகளுக்கு நம் வேண்டுகோள்: ஒவ்வொரு ஜோடியின் உறையிலும் மில்லிமீட்டர் அளவு, மேல்துணியின் வகை, தயாரித்த மாதம், ஆண்டு ஆகியவற்றைப் போட்டு அனுப்புங்கள். இவை இல்லாத சரக்கைச் சில்லறை வணிகர்கள் அடுத்த கொள்முதலில் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.