உத்தியோகம் நாடுவோர் வினவத்தக்கவை

கல்லூரிப் படிப்பு முற்றுப்பெறும் பருவத்தில் மாணவர் உள்ளத்தை வேறெதனினும் மிகுதியாகப் பற்றி நிற்பது உத்தியோகக் கவலையே. நேர்முகத் தேர்வில் கேட்கப்படும் வினாக்கள் எவை, அவற்றிற்கு எங்ஙனம் விடை பகர்வது என்று கற்பிக்க நூல்களும் உள, ஆசிரியரும் உளர். ஆயின், தேர்வின் இறுதியில், “நீர் எம்மைக் கேட்க விரும்புவது ஏதேனும் உண்டோ?” என்று தேர்வாளர் வினவுங்கால், நம் இளைஞருட் பெரும்பாலார், “ஒன்றுமில்லை, ஐயா” என்று கூறி எழுந்துவிடுகின்றனர். அவ்வொரு சொல்லால் அவர் இழப்பன யாவை என்பதை எடுத்துரைப்பதே எம் நோக்கம்.

பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் சிற்றூர்களினின்றும் வரும் மாணவரிடத்து இம்மௌனம் மிகுதியாகக் காணப்படுகின்றது. அவருட் பலர் தம் குடும்பத்தில் முதன்முதல் பட்டம் பெறுவோர். வேலை கொடுப்பவன் முன் வாய் திறவாமையே பணிவு என்று பல தலைமுறையாகப் பழகிய வழக்கம் அவர் நாவைக் கட்டிவிடுகின்றது. எனினும் அவர்தம் தந்தையார், மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பாராமலும் சுழியை நோக்காமலும் விலை பேசுவதில்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதாயின், ஏரிநீர் கடைமடைக்கு எட்டுமோ என்று உசாவாமல் ஒப்புவதுமில்லை. மாட்டிற்கும் நிலத்திற்கும் உள்ள விசாரணை, மகனுடைய வாழ்நாளுக்கு வேண்டாவோ?

உடன்படிக்கையைத் தெளிவுறப் பதிந்து வைத்தல் நம்மவர்க்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனது 8ஆம் ஆட்சியாண்டில், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. கொடுத்ததைச் செப்பேட்டில் வடமொழியிலும் தமிழிலும் பொறித்துவைத்தனர். அரசன் வாய்மொழியே ஆணையாயிருந்த அக்காலத்தும், கல்விச்சாலைக்குரியது எழுத்தில் நின்றது. இக்காலத்தில் பட்டம் பெற்ற ஒருவன், எழுத்து ஒன்றும் பெறாமல், “நாளை முதல் வா” என்ற ஒரு சொல்லை நம்பிச் செல்லுதல் தகுமோ?

இனி, புதுவை நாட்டில் இவ்வினாக்கள் எவ்விலைக்குப் பெறப்பட்டன என்பதையும் மறத்தல் கூடாது. எத்துணை மணி நேரம் உழைப்பது, எத்துணைக் கூலி பெறுவது என்று பஞ்சாலைத் தொழிலாளர் கேட்டனர். 1936 ஜூலை 30ஆம் நாள் சவானா ஆலையில் பிரெஞ்சு அரசின் படையினர் சுட்டதில் பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டாகிய 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அவர் உயிர் கொடுத்துக் கேட்டதை, நாற்காலியில் அமர்ந்து கேட்கவும் நாம் கூசுவோமாயின், அப்பன்னிருவர்க்கும் நாம் செய்யும் நன்றி யாது?

அவ்வாலைகள் இன்று இல்லை. பல்லாயிரவர்க்குச் சோறளித்த ஏ.எப்.டி. ஆலையும் 2020இல் மூடப்பட்டது. நம் இளைஞர் இந்நாளில் மேட்டுப்பாளையம், கிருமாம்பாக்கம் முதலிய தொழிற்பேட்டைகளையும், தனியார் மருத்துவமனைகளையும், கடைகளையும் நாடிச் செல்கின்றனர். அங்கெல்லாம் வினவத்தக்கவை எவை?

முதலாவது, “எம்மை வேலைக்கு அமர்த்துபவர் யார்?” என்பது. இது நகைப்பிற்குரிய வினாவன்று. யாம் அறிந்த மாணவர் ஒருவர் ஒரு தொழிற்சாலையில் ஈராண்டு உழைத்தார். கையில் காயமுற்றபோதுதான், தாம் அத்தொழிற்சாலையின் ஆள் அல்லர், ஓர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்று அறிந்தார். மேலும், 1961ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டத்தின்படி எடுக்கப்படுவோர் பயிலுநரேயன்றித் தொழிலாளர் அல்லர். ஆதலின், “இது வேலையோ, பயிற்சியோ? பயிற்சியாயின் எத்துணைத் திங்கள்? அதன்பின் யாது?” என்றும் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, ஊதியத்தைப் பற்றியது. பேசப்படும் தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. வருங்கால வைப்புநிதிக்கும் ஈ.எஸ்.ஐ.க்கும் முதலாளி செலுத்த வேண்டிய பங்கினையும் சம்பளத்துள் அடக்கிச் சொல்லும் வழக்கம் உண்டு. “பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு? எத்தேதியில்?” என்பதே நேரிய வினா.

மூன்றாவது, காலத்தைப் பற்றியது. முறை மாறுமோ, மிகைநேர வேலைக்குக் கூலி உண்டோ, வார ஓய்வு எந்நாள் என்பன. இரவு முறை முடிந்து வரும் பெண்ணுக்குப் பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிற்குப் பேருந்து கிடையாது. “வண்டி அனுப்புவீர்களோ?” என்ற வினாவில் அவள் மானமும் உயிரும் அடங்கியுள்ளன.

நான்காவது, “எம் சான்றிதழ்களின் மூலப்படிகளை வாங்கி வைத்துக்கொள்வீர்களோ? இடையில் விலகின் பணம் கட்ட வேண்டுமோ?” என்பது. ஆம் எனில், கையொப்பமிடுமுன் பத்திரத்தை வீட்டிற்குக் கொண்டுபோய்ப் படிக்க இசைவு கேட்டல் வேண்டும். படிக்க விடாத பத்திரம் ஒப்பத் தகுந்ததன்று.

ஐந்தாவது, நியமனக் கடிதம். 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டத் தொகுப்புகள், தொழிலாளர்க்கு அக்கடிதம் தரல் கட்டாயம் என்கின்றன. கேட்பவன் சலுகை வேண்டுவானல்லன். சட்டம் கொடுத்ததையே கேட்கின்றான்.

“இங்ஙனம் கேட்டால் வேலை கிடையாதொழியுமே!” என்பர் சிலர். இவ்வச்சம் வீணென்று யாம் கூறோம். கடன் சுமந்த குடும்பத்துப் பிள்ளை, நலமில்லாத விடை கேட்டும் அவ்வேலையை ஏற்க நேரிடும். ஆயினும் அறிந்து ஏற்பது வேறு, அறியாது அகப்படுவது வேறு. அறிந்து ஏற்றவன் எத்துணைக் காலம் பொறுப்பது, எப்போது வேறிடம் நாடுவது என்று கணக்கிடுவான். அன்றியும், கேட்கும் முறை ஒன்றுண்டு. முதலில் செய்யவேண்டிய பணியைப் பற்றியும் அதனைக் கற்பிப்பார் யார் என்பதைப் பற்றியும் கேட்க. பின்னர் ஊதியத்தையும் காலத்தையும் கேட்க. குரல் தணிந்து, சொல் தெளிந்து இருப்பின், நல்ல முதலாளி அதனைக் குறையாகக் கொள்ளான். சினப்பவனாயின், அச்சினமே ஒரு விடையாம்.

திருமறையின் திராட்சத்தோட்ட உவமையில், வீட்டெஜமான் விடியற்காலத்து ஆட்களோடு நாட்கூலியைப் பேசி முடித்த பின்னரே தோட்டத்துள் அனுப்புகின்றான். மாலையில் முணுமுணுப்பு எழுந்தபோது அவனுக்குத் துணைநின்றது அவ்வுடன்படிக்கையே. தெளிந்த பேச்சு ஆளுக்கு மாத்திரமன்று, எஜமானுக்கும் அரண் என்பது இதனாற் பெறப்படும்.

ஆதலின் எம் வேண்டுகோள் மூன்று. மாணவர் ஐந்து வினாக்களையேனும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க. ஆசிரியர், விடை சொல்லப் பயிற்றுவதோடு வினாக் கேட்கவும் பயிற்றுக. இக்கல்லூரியிற் பயின்று, இன்று பிறர்க்கு வேலை கொடுக்கும் நிலையிலிருக்கும் பழைய மாணவர், எதிரே அமர்ந்த சிற்றூர்ப் பிள்ளை “ஒன்றுமில்லை, ஐயா” என்று எழும்போது, “அமர்க, தம்பி, நீ கேளாததை நாமே சொல்லுகின்றோம்” என்று சொல்லுக.