350 கிணறுகள் தந்த சட்டம்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை இன்று பிரஸ்தாபிப்போர், அதன் ஏடுகளில் திண்டுக்கல் சமவெளியைப் பற்றிய ஒரு கணக்கு பதிந்திருப்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளுள் 350 கிணறுகள் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கெட்டுவிட்டன என்று ஒரு தொண்டு நிறுவனம் கண்டறிந்ததை நீதிபதி குல்தீப் சிங் எடுத்துக்காட்டினார். (அந்த ஆலைகளில் உழைத்தவர்களின் வாழ்வை, திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதினார். கிணறுகளின் கதை தீர்ப்பேட்டில் தங்கிற்று.)

முன்னெச்சரிக்கைத் தத்துவமும், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற தத்துவமும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு பிரகடனம் செய்தது. நாடாளுமன்றம் அதுவரை அவ்வார்த்தைகளில் ஒரு சட்டம் இயற்றியிருக்கவில்லை. உயிர் வாழும் உரிமையைக் கூறும் 21-ஆம் பிரிவிலிருந்தும், சுற்றுச்சூழலைக் காக்கப் பணிக்கும் பிற பிரிவுகளிலிருந்தும், சர்வதேச வழக்காற்றிலிருந்தும் நீதிமன்றம் அவற்றை வருவித்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஆலைகளுக்கு, ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இத்தகைய தத்துவம் திடீரென உதிப்பதில்லை. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்துவைத்தவன், அது வெளியேறிப் பிறர்க்குத் தீங்கு செய்தால், தன்பால் குற்றமில்லையாயினும் பொறுப்பாவான் என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை 1868-இல் வகுத்த விதியை, அதன் விலக்குகளையெல்லாம் நீக்கி, டெல்லி வாயுக் கசிவு வழக்கில் 1986-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு கடுமையாக்கியது. அவ்விதி வழக்கின் முடிவுக்கு அவசியமற்ற அபிப்பிராயமே என்று போபால் வழக்கில் தலைமை நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா கருதினார். அவ்வாறன்று, அதுவே சட்டம் என்று 1996 பிப்ரவரியில், ராஜஸ்தானத்துப் பிச்ரி கிராமத்துக் கிணறுகள் ரசாயனக் கழிவால் நஞ்சான வழக்கில், நீதிபதி ஜீவன் ரெட்டி அடங்கிய அமர்வு உறுதி செய்தது. ஒரு தீர்ப்பில் எது கட்டுப்படுத்தும் காரணம், எது போகிற போக்கில் சொன்ன வாக்கியம் என்ற இந்த விவாதம் பண்டிதர்களின் வீண் தர்க்கமாகத் தோன்றலாம். ஆயினும், நஷ்டஈடு கிராமத்தாருக்கு உண்டா இல்லையா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருந்தது.

உச்ச நீதிமன்றம் உரைக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்பது அரசியலமைப்பின் 141-ஆம் பிரிவு. ஆகவே, 2004 முதல் திண்டுக்கல் வழக்குகளைக் கேட்கும் மதுரை அமர்வும், இங்குள்ள மாவட்ட நீதிமன்றமும் 1996-இன் தத்துவத்தை மறுக்க இயலாது. 2010-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதே தத்துவங்களைத் தன்னுள் எழுதிக்கொண்டது. நீதிபதிகள் வகுத்ததை நாடாளுமன்றம் பின்தொடர்ந்தது.

இவ்வளவு வலிமை வாய்ந்த முறையில் ஒரு குறை என்னை வருத்துகிறது. தத்துவம் மேலிருந்து கீழே இறங்குகையில், அது எந்த உண்மைகளிலிருந்து பிறந்ததோ அவ்வுண்மைகளை உதறிவிட்டு வெறும் பெயராக இறங்குகிறது. மனுக்களில் மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டுமென்ற வாசகம் நிற்கும். எத்தனை கிணறு, எவ்வளவு ஆழத்தில் என்ன உப்பு, எந்தக் குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர் பாழ் என்பவை நிற்பதில்லை. காரணத்தின் எல்லையை நிர்ணயிப்பவை அவ்வுண்மைகளே என்பதால், அவையின்றி எடுத்தாளப்படும் முன்தீர்ப்பு வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒருங்கே வளைந்துகொடுக்கும்.

வேலூர்த் தீர்ப்பின்படி 1996-இல் அமைக்கப்பட்ட நஷ்டஈட்டு ஆணையத்துக்குப் பிறகும், வேலூர் ஆலைகளின் மாசு பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்ததே அதற்குச் சாட்சி. அடுத்த மனு திண்டுக்கல்லிலிருந்து புறப்படும்போது, தத்துவத்தின் பெயரை ஒரு வரியில் முடித்துவிட்டு, அந்த 13 கிராமங்களின் கிணறுகளை மீண்டும் அளந்த கணக்கை முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.